ஒரு கொட்டாவிக்கு ஆறு கடிதம்

மார்ச் 4

மாப்ளே,

தூங்கலை. தூங்கவே இல்லை. கொட்டாவி விட்டேன், அவ்வளவுதான். முப்பத்திரெண்டு வருஷமா கல்யாண வீடியோ எடுக்கிறவன் நீ, எத்தனை பேர் மண்டபத்துல கொட்டாவி விட்டுப் பாத்திருப்பே? அதுக்கும் தூக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? "வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கினீங்க, இனிமே உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு போன்ல கத்திட்டு வெச்சுட்டே. அப்புறம் பதினோரு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் சரியா ரெண்டாவது மணியில கட் பண்றே. தொழில்காரன் கை, சும்மா சொல்லக் கூடாது. லெட்டரை எப்படிக் கட் பண்ணுவேன்னு பாக்குறேன். நாலாங்கிளாஸோட நின்னவன் எழுத்து இது, கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டுப் படி.

தியேட்டர்ல டார்ச் அடிச்சு சீட்டு காட்டுறவன் படம் பாக்க மாட்டான் மாப்ளே. திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பான். ஜனங்க மூஞ்சிதான் எனக்குப் படம். மோசமான படம்னா எனக்குக் கவலையே இல்லை. திட்டுவாங்க, கத்துவாங்க. ஒருத்தன் செருப்பைக் கழட்டி எறிஞ்சான், அப்புறம் இன்டர்வெல்ல என்கிட்டயே வந்து "பெருசு, கொஞ்சம் டார்ச் அடிங்க, ஒத்தைச் செருப்போட எப்படி வீட்டுக்குப் போறது"ங்கிறான். நல்ல படம்னா விளக்கு போட்ட பின்னாடியும் ரெண்டு பேர் அப்படியே உக்காந்திருப்பாங்க. தொடப்பத்தைக் கொண்டுபோய் கால்ல இடிச்சாலும் நகர மாட்டாங்க.

ஞாயித்துக்கிழமை உன் படத்துக்கு அறுபத்திமூணு பேர். எல்லாரும் தங்கமானவங்க. ஒருத்தரும் திட்டலை, ஒருத்தரும் எழுந்து போகலை. நாலாவது வரிசை அம்மா கைப்பையைத் தொறந்து, பழைய ரசீதெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து, வேண்டாததைக் கிழிச்சு, வேணுங்கிறதை மடிச்சு வெச்சாங்க. பை சுத்தமாயிடுச்சு. மூலையில ஒருத்தர் கைநகம் பத்தையும் கடிச்சு முடிச்சுட்டுக் காலைப் பாத்தார். குனிய முடியலை, தொப்பை. விளக்கு போட்டதும் எல்லாரும் ஆஸ்பத்திரியில டோக்கன் முடிஞ்சுபோச்சுன்னு சொன்ன மாதிரி எழுந்து போனாங்க. ஒருத்தர் மட்டும் என்கிட்ட வந்தார். படத்தைப் பத்தி ஏதோ சொல்லப் போறார்னு ஆசையா காதைக் கொடுத்தேன். "ஐயா, வண்டி விட்ட இடம் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

படம் யாரைப் பத்தி? உங்க அக்காவைப் பத்தி. எம் பொண்டாட்டியைப் பத்தி. அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அவளைப் பத்தி அறுபத்திமூணு பேர் ஒண்ணரை மணி நேரம் பாத்துட்டு வண்டி எங்கேங்கிறாங்க. நான் கொட்டாவி விட்டேன்னு நீ என்மேல பாயுறே.

போனை எடு.

இப்படிக்கு,
ஒரே ஒரு கொட்டாவி விட்ட மாமா


மார்ச் 9

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை எடுக்க மாட்டேன். எடுத்தால் நீங்கள் சிரிக்க வைத்துவிடுவீர்கள், நான் சிரித்துவிட்டால் கோபம் போய்விடும். இந்தக் கோபத்தை நான் இழக்க விரும்பவில்லை.

உங்கள் தியேட்டர் மேனேஜர் நேற்று பேசினார். "ஒண்ணும் மோசமில்லைங்க, பார்ப்போம்" என்றார். அவர் குரலைக் கேட்டபோது, பெண் பார்க்க வந்துவிட்டு ஊருக்குப் போய்ப் பதில் சொல்கிறோம் என்பவர்கள் ஞாபகம்தான் வந்தது. மூன்று வருடம் மாமா. அக்கா நோயில் விழுந்ததிலிருந்து மனதில் எழுத ஆரம்பித்தது. அடுத்தவர் கல்யாணத்தையே எடுத்துக்கொண்டிருந்தவன், சாவதற்குள் ஒரே ஒரு படம், அதுவும் என்னை வளர்த்தவளைப் பற்றி எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு யார் கொட்டாவி விட்டிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நீங்களாக இருந்ததால்தான் சொல்கிறேன். இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலருகே நான் நின்றுகொண்டிருந்தேன். "போய் ஒரு டீ வாங்கிட்டு வா மாப்ளே" என்று அனுப்பினீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு டீ. நான் போனேன். திரும்பி வரும்போது தாழ்வாரத்தின் கடைசி வரை உங்கள் சிரிப்பு கேட்டது. கதவைத் திறந்தேன். அக்கா இல்லை. என் கையில் டீ இருந்தது.

எதற்குச் சிரித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் எதற்கும் சிரிப்பவர். ஆனால் படத்தில் அந்த இடத்தை மாற்றினேன். தம்பி கட்டிலருகே அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறார். நடக்க வேண்டியது அதுதான். அந்தக் காட்சியில்தான் நீங்கள் கொட்டாவி விட்டீர்கள். கடைசி வரிசையிலிருந்து நான் பார்த்தேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி


மார்ச் 14

மாப்ளே,

"மதிப்பிற்குரிய", "உங்கள் மனைவியின் தம்பி". கோர்ட்டுல இருந்து நோட்டீஸ் வந்துடுச்சோன்னு பயந்துட்டேன். தபால்காரர் முன்னாடியே படிச்சுட்டேன். அவர் "ஏதும் பிரச்சினையா?"ன்னார். "ஆமா, படம் எடுத்துட்டான்"னேன்.

அந்த மத்தியானத்தைப் பத்தி நான் பேசலை. வேற எது வேணா கேளு. கொட்டாவியைக் கேளு, சொல்றேன். கிண்டல் இல்லாம சொல்றேன், கஷ்டம்தான், முயற்சி பண்றேன்.

அன்னிக்கு நான் வேலை வழக்கத்தை மாத்தினேன். முப்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா ஓரச் சுவத்துல சாஞ்சு, ஜனங்களைப் பாதி, திரையைப் பாதின்னு பாத்துக்கிட்டு நின்னேன். அவ படமாச்சே. சட்டையைக்கூட இஸ்திரி போட்டுத்தான் போட்டிருந்தேன். அழுதுருவேன்னு ரெண்டு கைக்குட்டை வெச்சிருந்தேன் மாப்ளே, ஒண்ணு உனக்கு.

திரையில ஒரு பொம்பளை வந்தா. மெதுவா நடக்கிறா, மெதுவா டீ ஆத்துறா, புருஷன் உள்ள வந்ததும் "வாங்க, களைச்சுப்போய் வந்திருக்கீங்க"ங்கிறா. யார் இது? உங்க அக்கா எப்படா அப்படிச் சொன்னா? "வந்துட்டாரு துரை, செருப்பை நடுவீட்டுல விடாதீங்க"ம்பா. அந்தப் படத்துல இருக்கிறவ தம்பியைப் பாத்து சிரிச்சுக்கிட்டே தலையைத் தடவுறா. உங்க அக்கா உன் தலையைத் தடவினது பேன் பாக்கத்தான். அப்பவும் ரெண்டு கொட்டு வெச்சுட்டுத்தான் ஆரம்பிப்பா. ஒருத்தரும் ஒருத்தரைத் திட்டலை, ஒருத்தரும் கதவை அறையலை. நாங்க ரெண்டு பேரும் ஒரு ஃபேன் விஷயத்துல, அது ரெண்டுல ஓடணுமா மூணுல ஓடணுமாங்கிறதுக்கு, ஒன்பது நாள் பேசாம இருந்தோமே? அந்த ஒன்பது நாளும் நடுவுல உன்னை நிக்க வெச்சு, "உங்க மாமாகிட்ட உப்பு தீந்துபோச்சுன்னு சொல்லு"ம்பா, நான் பக்கத்துலயே நிப்பேன். அது எங்கே? எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டே. கல்யாண வீடியோவுல சம்பந்தி சண்டையை வெட்டி எடுத்துடுவியே, அந்த மாதிரி.

இப்போ கொட்டாவிக்கு வரேன். அவ செத்துப்போற சீன். ரெண்டு கைக்குட்டையும் கையில ரெடி. அப்போ எனக்கு என்ன யோசனை வந்துச்சு தெரியுமா? வலது பக்க எக்ஸிட் கதவுத் தாழ்ப்பாள் சரியா விழுந்துச்சான்னு யோசிச்சேன். எம் பொண்டாட்டி அங்க செத்துக்கிட்டு இருக்கா, நான் தாழ்ப்பாளை யோசிக்கிறேன். அப்புறம் தன்னால வாய் தொறந்துச்சு.

பயந்துட்டேன் மாப்ளே. உன் படத்தை நினைச்சு இல்லை. என்னை நினைச்சு. ரெண்டே வருஷத்துல மறந்துட்டேனா, அவ சாவு எனக்கு ஒண்ணுமில்லாமப் போச்சான்னு. வீட்டுக்கு வந்து செருப்பை நடுவீட்டுல விட்டேன். யாரும் திட்டலை. அப்போதான் நெஞ்சு வலிச்சுது. அப்பாடா, மறக்கலை, கோளாறு உன் படத்துலதான்னு நிம்மதியாப் போச்சு.

பாரு, கடைசியில கிண்டல் வந்துடுச்சு.

இப்படிக்கு,
கைக்குட்டை ரெண்டையும் தொவைக்காமலே மடிச்சு வெச்ச மாமா


மார்ச் 21

மாமா,

மூன்று நாள் உங்கள் கடிதத்தைக் கிழிக்க நினைத்தேன். நான்காம் நாள் பரணில் ஏறினேன்.

என் கல்யாணத்தின் பழைய கேசட்டைத் தேடினேன். வீட்டில் எல்லோரும் பார்த்தது நான் வெட்டிச் சுத்தம் செய்ததைத்தான். வெட்டாத மூலக் கேசட் கரப்பான் பூச்சி மருந்து டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. நான் எடுத்துவிட்ட பகுதி பதினாலு நிமிடம். பதினாலிலும் அக்காதான்.

ஞாபகம் இருக்கிறதா, வாடகைக்கு வந்த கேமராக்காரன் கோணம் சரியில்லை என்று, மாப்பிள்ளை வேட்டியோடு நானே கேமராவை வாங்கிக்கொண்டேன். நீங்கள் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறீர்கள் (அன்று நிஜமாகவே தூக்கம், மறுக்காதீர்கள்). அக்கா வந்து உங்கள் நாற்காலியை ஒரு உதை உதைக்கிறாள். "எழுந்திருங்க, உங்களுக்கா கல்யாணம், இவ்ளோ களைப்பா இருக்கீங்க?" அப்புறம் கேமராவைப் பார்க்கிறாள். முகம் திரை முழுக்க வருகிறது. "டேய், நீ மாப்பிள்ளையா கேமராக்காரனா? அந்தப் பொண்ணு தனியா நிக்குது பாரு, பக்கத்துல யாருமில்லாம. கட்டிக்கப்போறவளை விட்டுட்டு என்னைப் படம் புடிக்கிறான் பைத்தியக்காரன். போ! போய் நில்லு!" கை கேமராவைப் பிடுங்குகிறது. அதற்குப் பிறகு தரை, பல பேருடைய கால்கள், அக்காவின் குரல் மட்டும். பந்தியில் யாரோ இரண்டு முறை உட்கார்ந்துவிட்டதற்காக அந்த ஆளைப் பெயர் சொல்லித் திட்டுகிறாள்.

இதையா நான் வெட்டினேன்? "ஆட்டம் இருக்கிறது, சத்தம் அதிகம்" என்று என் கையெழுத்தில் மேலே சீட்டு ஒட்டியிருக்கிறது.

பார்த்துக்கொண்டே சிரித்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள், எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று. அவளும் உட்கார்ந்தாள். "நான் தனியா நின்னதை அவங்க ஒருத்தங்கதான் பாத்திருக்காங்க" என்றாள். இருபத்தாறு வருடமாக இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. பதினாலு நிமிடமும் இரண்டு பேரும் அசையவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

மேனேஜரிடம் பேசிவிட்டேன். ஜூன் ஏழு, ஞாயிறு காலை ஒரு காட்சி தருகிறார். அதுதான் கடைசி வாய்ப்பு, அதைப் பார்த்துத்தான் ஒரு வாரம் ஓட்டுவதா இல்லையா என்பதை முடிவு செய்வார். பாதிப் படத்தை மறுபடி எடுக்கிறேன். கேசட்டையும் நடுவில் சேர்க்கிறேன். ஃபேன் சண்டையையும்தான். நடிகை கேட்டாள், "இந்தம்மாவா சார் முதல்ல நான் நடிச்சவங்க?" என்று.

ஆனால் கடைசிக் காட்சியை எடுக்க முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் தம்பி பொய். அழுகிற கணவரும் பொய். நிஜம் என்னிடம் இல்லை. நான் டீக்கடையில் இருந்தேன். எதற்குச் சிரித்தீர்கள் மாமா? சொன்னால் ஜூன் ஏழு படத்தோடு வருவேன். சொல்லாவிட்டால் படத்தையும் பெட்டியில் பூட்டிவிடுகிறேன், நாம் இரண்டு பேரும் இப்படியே இருந்துவிடலாம்.

மாப்பிள்ளை


மார்ச் 26

மாப்ளே,

ஆறு காகிதம் கிழிச்சுட்டேன். இது ஏழாவது.

உன்னை டீக்கு அனுப்பினது நான் இல்லை. அவ.

நீ அன்னிக்குக் காலையில இருந்து கட்டில் கம்பியைப் புடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே இருந்தே. அழுகைன்னா சாதாரண அழுகையா? மூக்கை உறிஞ்சுற சத்தம் பக்கத்து வார்டு வரைக்கும் போச்சு. நர்ஸ் ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. பத்தரை மணிக்கு மேல அவளுக்குப் பேச்சு சரியா வரலை. கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டா. குனிஞ்சேன். "டீ வாங்க அனுப்புங்க அவனை"ன்னா. நான் உடனே உன்கிட்ட சொன்னேன். எனக்கு டீ வேணும்னு நினைச்சே. நினைச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன்.

நீ கதவைச் சாத்தினதும் மறுபடி கூப்பிட்டா. காதுகிட்ட வந்து சொன்னா, "இவன் அழுவுறதைப் பாத்தா, நான் எப்பவோ செத்துட்டேன், எனக்குத்தான் இன்னும் சொல்லலையோன்னு இருக்கு."

அவ்வளவுதான். நான் சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சா. அவளுக்கு சத்தம் வர்ற அளவுக்கு மூச்சு இல்லை, தோள் மட்டும் குலுங்குச்சு. அதான் உனக்கு என் சிரிப்பு மட்டும் கேட்டுது. என் கையில அவ கை இருந்துச்சு. நான் சிரிச்சு முடிச்சு நிமிர்ந்து பாத்தேன். அவ முடிச்சிருந்தா.

அப்போ நீ கதவைத் தொறந்தே, கையில டீயோட.

என்ன சொல்லியிருக்கணும் உன்கிட்ட? "உங்க அக்காதான் உன்னை வெளியே அனுப்பினா, உன்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே போய்ச் சேந்தா"ன்னா? உன்னை இடுப்புல தூக்கி வளத்தவ. நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன். எம்மேல கோவப்பட்டுக்கோ, நான் பழைய தோலு, ரெண்டு வருஷத்துல ஆறிடும்னு கணக்குப் போட்டேன். நாலாங்கிளாஸ் கணக்கு. ஆறலை.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோ. உன்னைத் துரத்தலை அவ. நீ அழுவுறதைப் பாத்துக்கிட்டே போக அவளுக்கு முடியலை. அதை அப்படியே சொல்ற பழக்கம் அவளுக்கு இல்லை, டீ வாங்கச் சொல்லித்தான் சொல்லத் தெரியும்.

படத்துல போடணும்னா போடு. பூட்டணும்னா பூட்டு. என்மேல கோவம் தீந்துபோய் இப்போ அவமேல கோவம் வந்தா, அதையும் சொல்லிடு, நான் அவளுக்காகப் பேச வரேன். உயிரோட இருந்தப்போ ஒரு தடவைகூட அவ பக்கம் நான் பேசினதில்லை.

மாமா


ஜூன் 7, ஞாயிறு, காலைக் காட்சி, கடைசி வரிசை

மாப்ளே,

படம் ஓடும்போது டார்ச்காரன் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு மேனேஜர் சட்டம். அதான் நீ பக்கத்துல உக்காந்திருக்கும்போதே உனக்கு லெட்டர். டார்ச்சைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு உன் பட நோட்டீஸ் பின்பக்கம் எழுதுறேன். எட்டிப் பாக்காதே, முடிச்சுட்டுத் தரேன். கழுத்தை அந்தப் பக்கம் திருப்பு.

மார்ச்சுல இருந்து ஒரு வரி பதில் இல்லை. நீ வருவியான்னே எனக்குத் தெரியாது. காலையில டிக்கெட் கிழிக்கிற இடத்துல வந்து "மாமா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போயிட்டே. போதும். அந்த ஒரு வார்த்தைக்கு நான் வீட்டையே எழுதிக் குடுப்பேன்.

நான் இன்னைக்குத் திரையைப் பாக்கலை. தைரியமில்லை. இவ்ளோ நேரம் முன்பக்க ஓரத்துல திரைக்கு முதுகைக் காட்டி நின்னேன், வழக்கம்போல மூஞ்சிங்கதான்; இப்போதான் உன் பக்கத்துல வந்து, உன்னைப் பாத்துத் திரும்பி உக்காந்தேன். சொல்றேன் கேட்டுக்கோ, மேனேஜர் சொல்றதுக்கு முன்னாடி.

மூணாவது வரிசையில புருஷன் பொண்டாட்டி. உங்க அக்கா வாயைத் தொறக்கும்போதெல்லாம் அந்தப் பொண்ணு புருஷன் விலாவுல ஒரு இடி. அந்தாளு இன்டர்வெல்ல சீட்டு மாத்திக் குடுப்பீங்களான்னு கேட்டான். ஃபேன் சண்டைக்கு எல்லாரும் சிரிச்சாங்க, ஒரே ஒருத்தர் சிரிக்கலை, தாத்தா வயசு, தனியா வந்தவர். பக்கத்துக் காலி சீட்டு மேல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். கேசட் வந்தப்போ, நாற்காலியை உதைச்சாளே, அங்க நாலு பேர் திரும்பி என்னைப் பாத்தாங்க. எப்படிடா கண்டுபுடிச்சாங்க? உன் பொண்டாட்டிதான் சொல்லியிருக்கும். முன் வரிசையில உக்காந்துக்கிட்டு ஊருக்கே கையைக் காட்டுது.

கைப்பையைத் தொறந்த அம்மா ஒருத்தரும் இல்லை. நகம் கடிக்கிறவர் ரெண்டு பேர், ஆனா அது வேற கடி.

இப்போ ஆஸ்பத்திரி வந்துடுச்சுன்னு நினைக்கிறேன். திரும்பிப் பாக்கலை, உன் மூஞ்சியைத்தான் பாக்குறேன். உன் மூஞ்சியில எல்லாம் தெரியுது. இப்போ அவன் டீக்குப் போறான். இப்போ கதவு சாத்துது. இப்போ அவ சொல்றா. தியேட்டர்ல சிரிப்பு. அடப்பாவி, சிரிக்கிறாங்கடா, அவ சொன்னதுக்கு இத்தனை பேர் சிரிக்கிறாங்க. அவ இதைக் கேட்டிருக்கணும்.

சிரிப்பு நின்னுடுச்சு. யாரும் அசையலை.

மூக்கை உறிஞ்சாதே, சத்தம் வெளிய போகுது.

மாப்ளே, நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் இதை எழுத ஆரம்பிச்சேன். சாயந்திரம் வீட்டுக்கு வரணும். ரெண்டு பேருமா வாங்க. வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னதுக்கு ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கேன், பின்பக்கக் கதவுக்குப் படி கிடையாது. வந்ததும் உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். இந்த ரெண்டு வருஷமா நான் தனியா அந்த வீட்டுல

அஞ்சாவது வரிசையில ஒருத்தன் எழுந்துட்டான். கேக்குதா? "என்ன பொம்பளை இவ, சாகும்போதுகூட கூடப்பொறந்தவனைத் துரத்திவிட்டு நக்கல் அடிக்கிறா! இப்படி ஒரு அக்காவை எவன்டா படமா எடுப்பான்?" போறான், கதவை அறைஞ்சுட்டுப் போறான். மாப்ளே, திட்டிட்டான்! நல்லாத் திட்டிட்டான்! வண்டி எந்தப் பக்கம்னு கேக்காமப் போறான் பாரு!

ஏய், நீ எங்க எழுந்திருக்கிறே? உக்காரு. அவன் போகட்டும். வேட்டியை ஏன் மடிச்சுக் கட்டுறே? உன் அக்காவைச் சொன்னா உனக்குக் கோவம் வரும்தான், அதுக்காகப் படம் பாக்க வந்தவன் சட்டையையா புடிப்பே? அவன் உன்னைவிடப் பெரிய ஆளு, இருட்டுல நீ சரியாப் பாக்கலை. இரு, டார்ச் அடிக்கிறேன், படி இருக்கு. நான் இன்னும் சொல்லி முடிக்கலை மாப்ளே. உங்க அக்காவும் இப்படித்தான், நான் ஒண்ணை ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள